ஊசி கொடுக்கும் மருந்துக்கடை: வாசகர் கேள்விகளும் பதில்களும்

பிரிட்டனில் பல தெருமுனை மருந்துக்கடைகளில் போதை ஊசி போடுபவர்களுக்குப் புது ஊசி இலவசமாகக் கொடுக்கிறோம், பழையதைத் திரும்ப வாங்கிக்கொள்கிறோம். இதைப் பற்றி வந்த கடிதங்களில் சிலவற்றுக்கு இங்கே பதில் சொல்கிறேன்.

எங்கள் தெருக் கடையிலேயே ஊசி கொடுக்கிறார்கள். பிள்ளைகள் நடமாடும் இடம். இது கெட்டுப்போவதற்கு நாமே வழி காட்டுவது ஆகாதா? (வாசகி, ஹாரோ)

உங்கள் பயம் எனக்குப் புரிகிறது. ஆனால் ஊசி கிடைக்காமல் செய்து பார்த்த ஊர் ஒன்று உண்டு. 1980களின் தொடக்கத்தில் ஸ்காட்லாந்தின் எடின்பரோவில் ஹெராயின் பெருகியபோது போலீசார் ஊசிகளைப் பறித்தார்கள், கடைக்காரர்கள் விற்க மறுத்தார்கள். போதை நிற்கவில்லை. ஒரே ஊசி பல கை மாறியது. அங்கே ஒரு மருத்துவரிடம் வந்த ஹெராயின் பழக்கமுள்ளவர்களில் 164 பேரின் ரத்தத்தைச் சோதித்தார்கள். பாதிப் பேருக்கு மேல் எச்.ஐ.வி. இருந்தது. 1986இல் வெளியான முடிவு அது. மறு வருடமே அரசு சோதனை முறையில் ஊசி மாற்று மையங்களைத் தொடங்கியது.

ஊசி கொடுப்பதால் புதிதாக யாரும் பழகிக்கொள்வதாக ஆய்வுகளில் தெரியவில்லை. மாறாக, ஹெராயினுக்குப் பதிலாக மருத்துவர் எழுதித் தரும் மெத்தடோன் போன்ற மாற்று மருந்தோடு போதுமான ஊசியும் கிடைத்தால், கல்லீரலைக் கெடுக்கும் ஹெபடைடிஸ் சி தொற்றும் அபாயம் ஏறக்குறைய முக்கால் பங்கு குறைகிறது. ஏற்கெனவே தொற்றியவரையும் இன்று எட்டு முதல் பன்னிரண்டு வார மாத்திரையில் குணமாக்கலாம், நூற்றுக்குத் தொண்ணூற்றைந்து பேருக்கு மேல் குணமாகிறது. ஆனால் அந்த மாத்திரையைப் பற்றிச் சொல்ல, அவர் முதலில் கடைக்குள் வரவேண்டுமே?

ஊசி கேட்டு ஒருவர் வந்தால் எனக்குக் கை நடுங்குகிறது. என்ன கேட்பது, எத்தனை கொடுப்பது? (பயிற்சி மருந்தாளுநர், லெஸ்டர்)

தம்பி, எனக்கும் நடுங்கியது. நான் பயின்ற கடையில் இவர்களை எப்போதும் கடைசியில்தான் கவனிப்போம். பின்னால் வந்தவர்கள் எல்லாரும் மருந்து வாங்கிப் போன பிறகு, முகத்தைப் பார்க்காமல் பொட்டலத்தைத் தள்ளிவிடுவோம். மெதுவாகப் பேசும் ஒருவர் சில வாரம் வரவேயில்லை. அப்புறம் ஒருநாள் சட்டைக் கையைச் சுருட்டிக் காட்டினார். முழங்கை மடிப்பில் சிவந்து வீங்கி, தொடாமலே சூடு தெரிந்தது. பழைய ஊசியையே தேய்த்துத் தேய்த்துப் போட்டிருக்கிறார். “இங்கே வந்து நிற்கிறதுக்கு அதுவே மேல்” என்றார். அந்த வரிசையில் அவரை நிறுத்திவைத்தவர்களில் நானும் ஒருவன்.

அதனால், வரிசையில் அவர் முறை வரும்போது கவனியுங்கள், வணக்கம் சொல்லுங்கள். பெயரின் முதல் எழுத்துகள், பிறந்த தேதி போன்ற குறிப்புகள் போதும். எந்த அளவு ஊசி, எத்தனை நாளைக்கு என்று கேளுங்கள். ஒவ்வொரு முறைக்கும் ஒரு புது ஊசி, அதற்கு மேலும் கொஞ்சம். கணக்குப் பார்த்துக் குறைக்காதீர்கள். பழையது கொண்டுவரவில்லை என்று புதியதை மறுக்கவே கூடாது. வீட்டில் இருக்கும் நண்பருக்கும் சேர்த்துக் கேட்டால் கொடுங்கள். போதைப்பொருளைக் கரைக்கும் கரண்டி, வடிகட்டி, தண்ணீர் இவற்றைப் பகிர்ந்தாலும் ஹெபடைடிஸ் சி பரவும், அதையும் சொல்லுங்கள். கொண்டுவரும் பழைய ஊசிகளை நீங்கள் தொட வேண்டாம். மஞ்சள் பெட்டியை நீட்டுங்கள், அவரே போடட்டும்.

கிளம்பும்போது, “கை எப்படியிருக்கு?” என்று ஒரு வார்த்தை கேட்டுப் பாருங்கள்.

மகனின் ஜிம் பையில் சிரிஞ்சும் பச்சை நிறத் தலை வைத்த நீள ஊசியும் இருந்தன. ஹெராயினா? (தாய், குரோய்டன்)

பார்க்காமல் உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் ஜிம் பையில் பச்சை ஊசி என்றால் எனக்கு முதலில் ஸ்டீராய்டு நினைவுதான் வரும். எண்ணெய் மருந்தைத் தசையில் ஏற்ற அந்தத் தடிமன் வேண்டும். ஊசி வாங்க வருபவர்களில் இப்படி உடம்பு வளர்க்கும் பையன்களும் உண்டு. இவர்களையும் மனதில் வைத்துத்தான் 2014இல் ஊசி கொடுப்பதற்கான தேசிய வழிகாட்டுதலைத் திருத்தினார்கள். மருந்துக் குப்பியைப் பங்கு போட்டாலும் தொற்றலாம், இதயத்துக்கும் கெடுதல். கத்த வேண்டாம் அம்மா. பையை எடுத்துப் பார்த்ததை ஒளிக்காமல் சொல்லிவிட்டு, என்ன போடுகிறான் என்று கேளுங்கள்.

பூங்காவில் கிடந்த ஊசி என் மகள் விரலில் குத்திவிட்டது. (தந்தை, பர்மிங்காம்)

வாயால் உறிஞ்சக் கூடாது. ஓடும் தண்ணீரில் ரத்தம் கொஞ்சம் வடியவிட்டு, சோப்பால் கழுவி, உடனே அவசரப் பிரிவுக்குக் கூட்டிப்போங்கள். இதைப் படிக்கும்போது இன்னும் போகவில்லை என்றால் இப்போதே கிளம்புங்கள். தெருவில் கிடந்த ஊசியால் எச்.ஐ.வி. வருவது மிக அரிது. தேவை என்று மருத்துவர் கருதினால் தடுப்பு மருந்தை 72 மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும். ஹெபடைடிஸ் பி தடுப்பூசியும் போடக்கூடும்.

அண்ணா மூன்று நாள் மெத்தடோன் குடிக்கப் போகவில்லை. நான்காம் நாள் கடையில் கொடுக்க மறுத்துவிட்டார்கள். அவமானப்படுத்துகிறார்களா? வீட்டில் நலோக்சோன் வைத்துக்கொள்ளலாமா? (வாசகர், கிளாஸ்கோ)

அவமானம் இல்லை. மூன்று நாளில் உடம்பின் தாங்கும் சக்தி இறங்கிவிடும். பழைய அளவே மூச்சை நிறுத்திவிடலாம். இன்றே மருந்து எழுதும் இடத்துக்கு அழைத்துப் போங்கள், அளவைப் பார்த்து மறுபடி தொடங்குவார்கள்.

ஹெராயின், மெத்தடோன் அளவு மீறி மூச்சு அடங்கும்போது அதை முறிக்கும் மருந்துதான் நலோக்சோன். கட்டாயம் வைத்துக்கொள்ளுங்கள், சிகிச்சை மையத்தில் கேட்டால் கொடுப்பார்கள். உதடு நீலமாகி, குறட்டை போல மூச்சு இழுத்து, தட்டினாலும் எழவில்லையென்றால் முதலில் 999க்கு அழைத்து ஆம்புலன்ஸ் கேளுங்கள். அப்புறம் மருந்து. கண் திறந்துவிட்டார் என்று விட்டுப் போகாதீர்கள். நலோக்சோனின் வேகம் அரை மணியிலிருந்து ஒன்றரை மணிக்குள் அடங்கிவிடும், உள்ளே போன மெத்தடோன் அதைவிட வெகுநேரம் நிற்கும். ஆம்புலன்ஸ் வரும்வரை பக்கவாட்டில் படுக்கவைத்து, மூச்சைப் பார்த்துக்கொண்டே அருகில் உட்கார்ந்திருங்கள்.