ஓடையில் ஓடுவது எந்த மழைத் தண்ணீர்?

கேள்வி: எவ்வளவோ பெரிய நதிகள் இருக்கும்போது, ஒரே தாவில் தாண்டிவிடக்கூடிய ஓடையில் போய் ஆராய்ச்சியாளர்கள் இருபது முப்பது வருஷம் அளந்துகொண்டிருக்கிறார்களே, எதற்கு?

பதில்: சின்ன இடத்தில்தான் கணக்கு நேராகும். நான்கைந்து சதுர கிலோமீட்டர் நீர்ப்பிடிப்புப் பகுதி என்றால் பெய்த மழையை அளக்கலாம், ஓடை வெளியேறும் இடத்தில் ஓட்டத்தை அளக்கலாம், மிச்சம் ஆவியாகிப் போயிருக்க வேண்டும் அல்லது மண்ணுக்கடியில் தங்கியிருக்க வேண்டும். பெரிய நதியில் அணை, பாசனம், நகரம், பல வகை மண், ஒரு மூலையில் மழை மறு மூலையில் வெயில் என்று எல்லாம் கலந்துவிடும், எது எதனால் என்று பிரிக்கவே முடியாது.

1674-ல் பிரான்சில் பியர் பெரோ எழுதிய புத்தகத்தில் இருப்பதும் இந்தக் கணக்குதான். ஊற்றுகளுக்கும் நதிகளுக்கும் மழை மட்டும் போதாது, கடல்நீர்தான் பூமிக்கடியில் ஏறி வருகிறது என்று பலரும் நம்பிய காலம் அது. அவர் சேன் நதியின் தலைப்பகுதியை மட்டும் எடுத்துக்கொண்டு கணக்குப் போட்டார், ஓடும் நீரைப் போல் ஆறு மடங்கு மழை பெய்கிறது என்று வந்தது. முழு சேன் நதியையும் எடுத்திருந்தால் கணக்கு இவ்வளவு எளிதாக இருந்திருக்காது என்பது என் எண்ணம்.

இன்னொரு உதாரணம், வேல்ஸில் பிளின்லிமன் மலை. செவர்ன், வை என்ற இரண்டு நதிகளின் தலைப்பகுதிகள் அங்கே பக்கத்தில் பக்கத்தில், ஒவ்வொன்றும் சுமார் 10 சதுர கிலோமீட்டர். ஒன்றில் பெரும்பகுதி ஊசியிலைக் காடு, மற்றது புல்வெளி. பல ஆண்டுகள் அளந்ததில் காட்டுப் பக்கம்தான் அதிக நீரை ஆவியாக இழந்தது, ஏனென்றால் இலையில் ஒட்டிய மழை தரைக்கு வராமல் அப்படியே ஆவியாகிவிடுகிறது. காடு இருந்தால் ஓடையில் தண்ணீர் கூடும் என்று கண்ணை மூடிக்கொண்டு சொல்கிறவர்களுக்கு இது கொஞ்சம் கசக்கும்.

நூற்றுக்கணக்கான சதுர கிலோமீட்டர் கொண்ட நடுத்தர ஆறு என்றால் கதை மாறும். கிளை ஓடைகளின் வெள்ளம் ஒவ்வொன்றும் ஒவ்வொரு நேரத்தில் வந்து சேர்வதால் உச்சம் தட்டையாகிவிடும். ஓடையில் கண்ட விதியை அங்கே அப்படியே பெரிதாக்கிப் பார்த்தால் பெரும்பாலும் தப்பாகத்தான் வரும்.

கேள்வி: மழை பெய்த ஒரு மணி நேரத்தில் ஓடை ஏறிவிடுகிறது. அது அப்போது பெய்த மழைதானே?

பதில்: நானும் ரொம்ப நாள் அப்படித்தான் நினைத்தேன். ஒவ்வொரு மழையிலும் ஆக்சிஜன்-18 ஐசோடோப்பின், அதாவது சாதாரண ஆக்சிஜனைவிடக் கொஞ்சம் கனமான வகையின், அளவு கொஞ்சம் வேறுபடும். அதை வைத்துப் பிரித்துப் பார்த்தால், ஈரப்பதமான காட்டு நீர்ப்பிடிப்புகள் பலவற்றில் வெள்ளத்தில் பாதிக்கு மேல் பழைய தண்ணீர், அதாவது மழைக்கு முன்பே மண்ணுக்குள் இருந்தது. வெயிலில் கிடக்கும் ரப்பர் குழாயை நினைத்துக்கொள்ளுங்கள், குழாயைத் திறந்த உடனே நீர் கொட்டும், ஆனால் முதலில் வருவது உள்ளே கிடந்த சூடான தண்ணீர். புது மழையின் அழுத்தம் வேகமாகப் போகிறது, தண்ணீர் மெதுவாகத்தான் நகர்கிறது. பாறை, கான்கிரீட், இறுகிய மண் உள்ள இடங்களில் மட்டும் இது செல்லாது, அங்கே புது மழையே ஓடி வந்துவிடும்.

கேள்வி: நாங்கள் நாலு நண்பர்கள் ஒரு ஓடையை அளக்க ஆசைப்படுகிறோம். எளிய வழி உண்டா?

பதில்: உண்டு. நிலத்துக்காரரிடம் முதலில் கேட்டுவிடுங்கள். அப்புறம் 90 டிகிரி முக்கோண வெட்டு உள்ள தகட்டை ஓடைக்குக் குறுக்கே, பக்கத்தில் கசியாமல் நிறுத்துங்கள். வெட்டின் அடிமுனைக்கு மேல் நீர் 10 செ.மீ. நின்றால் வினாடிக்கு சுமார் 4.4 லிட்டர் ஓடுகிறது, 20 செ.மீ. நின்றால் கிட்டத்தட்ட 25 லிட்டர். உயரம் இரண்டு மடங்கானால் ஓட்டம் ஐந்தரை மடங்குக்கு மேல் கூடிவிடும் என்பதால் அளவுகோலைப் படிப்பதில் அசட்டை கூடாது, 20 செ.மீ.யில் ஒரு செ.மீ. தப்பினால் விடையில் 12 சதவீதத்துக்கு மேல் பிழை. தகட்டை ஒட்டி நீர்மட்டம் சரியும், அதனால் அளவுகோலை நீர் வரும் பக்கமாகச் சற்றுத் தள்ளி நடுங்கள். நீர் குறைவான நாளில் வாளியும் கடிகாரமும் வைத்து ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளலாம்.