பேச்சில் வராத தன்னம்பிக்கை பொறுப்பில் வரும்

கேள்வி: ஒன்பதாம் வகுப்புக்கு வாரம் ஒரு பாடவேளை தலைமைப் பண்புப் பயிற்சி நடக்கிறது. பேச்சாளர்கள் வந்து உற்சாகப்படுத்துகிறார்கள். இரண்டே நாளில் எல்லாம் வடிந்துவிடுகிறது. மாணவர்களின் மனவலிமை நிலைக்க என்ன செய்யலாம்?

பதில்: வடியத்தான் செய்யும். 'என்னால் முடியும்' என்ற எண்ணத்துக்கு நான்கு ஊற்றுகளைக் காட்டினார் உளவியலாளர் ஆல்பர்ட் பண்டூரா (1977): தானே செய்து முடித்த அனுபவம், தன்னைப் போன்றவர் செய்வதைப் பார்ப்பது, பிறரின் ஊக்கச் சொல், உடலின் படபடப்பை நாம் எடுத்துக்கொள்ளும் விதம். வலுவானது முதலாவது. உங்கள் பயிற்சியோ மூன்றாவதை மட்டும் நம்பியிருக்கிறது.

நான்கு பேர் கொண்ட குழுக்களாகப் பிரியுங்கள். நான்கு வாரத்தில் முடியும் உண்மையான பொறுப்பு ஒன்றைக் கொடுங்கள். வகுப்பு நூலகத்தை ஒழுங்குபடுத்துவது, இளைய வகுப்புக்கு வாசிப்புத் துணையாவது போல. வாரத்துக்கு ஒருவர் தலைவர். முதல் வார வேலை நிச்சயம் முடியும் அளவுக்குச் சிறிதாக இருக்கட்டும், பிறகு கடினமாக்குங்கள். கூச்சப்படும் மாணவருக்கு இரண்டாம் வாரம் பொருத்தம்: சக மாணவர் செய்ததைப் பார்த்திருப்பார், சுமையும் இன்னும் ஏறியிருக்காது.

ஒவ்வொரு குழுவும் ஒரு திட்டத் தாள் எழுதட்டும்: ஓர் இலக்கு, அதற்கு இரண்டு வழிகள், ஒவ்வொன்றிலும் வரக்கூடிய ஒரு தடை. ஒரே வழியை எழுதும் குழு முதல் தடையிலேயே நின்றுவிடும்.

வார இறுதியில் பத்து நிமிடம் ஒதுக்கி மூன்று கேள்விகள் கேளுங்கள். என்ன நடந்தது? அதில் எது நம் கையில் இருந்தது? அடுத்த முறை எதை மாற்றுவோம்? 'யாரால் கெட்டது' என்ற கேள்வி மட்டும் வேண்டாம். "எனக்கு இதெல்லாம் வராது" என்பவரை, "அறிவிப்பை முந்தின நாளே சொல்லியிருக்க வேண்டும்" என்று குறிப்பாகச் சொல்ல வையுங்கள். முன்னது தன்னையே குறை சொல்கிறது, பின்னது திருத்தக்கூடிய ஒரு செயலை. அலமாரிச் சாவியை நீங்கள் தர மறந்ததால் வேலை நின்றிருந்தால், அதையும் வெளிப்படையாக ஒப்புக்கொள்ளுங்கள்.

இந்த முயற்சி பெரும்பாலும் கெடுவது ஆசிரியரின் அவசரத்தால்தான். வேலை தடுமாறியதும் நாமே முடித்துக் கொடுத்தால், 'என்னால் முடியாது' என்பதே மாணவர் மனத்தில் உறுதிப்படும். கேட்டால் குறிப்புக் கொடுங்கள், நீங்களே செய்து கொடுக்காதீர்கள். வேலையை ஒப்படைத்து முடிவெடுக்கும் உரிமையை வைத்துக்கொள்வதும் இதே தவறுதான்.

தொடக்கத்திலும் முடிவிலும், "பத்துப் பேர் முன் ஒரு திட்டத்தை விளக்க எவ்வளவு உறுதி?" என்று 0 முதல் 100 வரை குறிக்கச் சொல்லுங்கள். அந்த எண்ணை மதிப்பெண்ணோடு சேர்க்காதீர்கள். சேர்த்தால் உங்களுக்குப் பிடித்த எண்ணைத்தான் எழுதுவார்கள்.