குட்டியின் நெஞ்சில் துருத்துவது என்ன?

கேள்வி: எங்கள் லாப்ரடார் குட்டிக்கு மூன்று மாதம். வயிறு தொடங்கும் இடத்தில், நடுவில், ஏதோ கூராகத் தட்டுப்படுகிறது. பக்கவாட்டில் ஒரு எலும்பு நுனி தனியாக நிற்கிறது. முன்னங்கால் மணிக்கட்டும் புடைத்திருக்கிறது. குட்டி விற்றவர், 'கால்சியம் பத்தலை, எலும்பு விலகிடுச்சு' என்று ஒரு டானிக்கை விற்றுவிட்டுப் போனார். கொடுக்கலாமா? – வாசகி, பெரம்பூர்

பதில்: வேண்டாம்மா. பாட்டிலை மூடி வையுங்கள்.

நடுவில் கூராக இருப்பது நெஞ்செலும்பின் குருத்தெலும்பு நுனி. உங்கள் நெஞ்சுக்குழியில் அழுத்தினால் உங்களுக்கும் தட்டுப்படும். நமக்கு விலா 12 ஜோடி, நாய்க்கு 13. அந்தக் கடைசி ஜோடி முன்பக்கம் எதோடும் சேராமல் சதைக்குள்ளேயே முடிந்துவிடும். அதைத்தான் 'விலகிடுச்சு' என்கிறார். மறுபக்கமும் தடவிப் பாருங்கள், அதேபோல ஒன்று இருக்கும்.

மணிக்கட்டில் புடைத்திருப்பது வளரும் எலும்பின் முனை. அங்குள்ள குருத்தெலும்பு எக்ஸ்ரேயில் கறுப்புக் கோடாக விழும். ஒருவர் ஃபிலிமை டியூப்லைட்டுக்கு நேரே தூக்கிப் பிடித்து, 'நாலு இடத்துல உடைஞ்சிருக்கு டாக்டர்' என்று அழுதார். நாலும் வளர்ச்சிக் கோடுகள். அதற்குள் யாரோ மாவுக்கட்டுப் போட்டுக் காசும் வாங்கிவிட்டார்கள்.

கால்சியம் எலும்புக்கு நல்லதுதானே என்பீர்கள். இந்த வயதில் குட்டியின் குடலுக்கு, மிஞ்சியதை வேண்டாமென்று தள்ளத் தெரியாது. பெரிய ஜாதிக் குட்டிகளுக்கு அது கூடிப்போனால் கால் கோணும், மூட்டு கெடும். குட்டிகளுக்கென்று விற்கும் நல்ல பாக்கெட் தீவனத்தில் வேண்டிய அளவு ஏற்கெனவே இருக்கிறது.

ஒரே ஒரு விதிவிலக்கு. வெறும் சோறும் எலும்பில்லாத கறியும் போட்டே வளர்க்கிறீர்களா? கறியில் பாஸ்பரஸ் அதிகம், கால்சியம் கொஞ்சம்தான். இரத்தத்துக்கு வேண்டியதை உடம்பு எலும்பிலிருந்தே உருவிக்கொள்ளும். எலும்பு மெலிந்து, சோபாவிலிருந்து குதித்தாலே முறியும். தயிர்சாதம் கொடுத்தால் சரியாகிவிடாது. அப்போது கால்சியம் தேவைதான். ஆனால் எவ்வளவு என்பதை, எக்ஸ்ரேயையும் சாப்பாட்டையும் பார்த்து மருத்துவர் சொல்ல வேண்டும். அதற்காகச் சமைத்த கோழி எலும்பைப் போட்டுவிடாதீர்கள்; சில்லு சில்லாக உடைந்து குடலைக் குத்தும்.

8 வாரம் ஆகாத குட்டியை விற்கக் கூடாது, விற்பவர் பதிவு செய்திருக்க வேண்டும் என்று 2017-லேயே விதி வந்துவிட்டது. யார் போய்க் கேட்கிறார்கள்? ஒரு கையில் கூடை, மறு கையில் டானிக். இதில் மருத்துவமும் பார்க்கிறார்கள்!

குட்டி நொண்டினாலோ, தொட்டால் கத்தினாலோ வேப்பேரி கால்நடை மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்குக் காலையிலேயே போங்கள். அந்தப் பாட்டிலையும் எடுத்துப் போங்கள். இதுவரை எத்தனை மூடி கொடுத்தீர்கள் என்று சொல்லுங்கள். அதில் வைட்டமின் டி இருந்தால் அந்தக் கணக்கும் பார்க்க வேண்டும்.