கிழங்கு தோண்டிய கைகள்

கேள்வி: கோயம்பேட்டில் வாங்கும் உருளைக்கிழங்கில் சில வெட்டுப்பட்டிருக்கின்றனவே, இயந்திரம் வருமுன் எப்படித் தோண்டினார்கள்?
– வாசகி ஒருவர், பெரம்பூர், சென்னை

பதில்: மண்வெட்டியாலும் பற்கள் கொண்ட கவையாலும்தான், செடியிலிருந்து சற்று விலகிக் குத்தாவிட்டால் கிழங்கு பிளந்துவிடும் என்பதால், வெட்டுக்காயம் அன்றும் உண்டு. 19-ஆம் நூற்றாண்டில் குதிரை பூட்டிய கருவியொன்று பிரிட்டனில் பரவியது. அது சுழலும் கவைகளால் கிழங்கை மண்ணோடு பக்கவாட்டில் வீசியெறிந்தது. ஆனால் அது தோண்டும் வேலையை மட்டுமே குறைத்தது. குனிந்து பொறுக்கியவர்களில் பெரும்பாலோர் பெண்களும் சிறுவர்களும்தான். அதற்காகவே ஸ்காட்லாந்துப் பள்ளிகளில் அக்டோபர் விடுமுறை விடப்பட்டது (விடுமுறை என்பது பெயருக்குத்தான்!). அயர்லாந்தின் அகில் தீவிலிருந்து அங்கே கிழங்கெடுக்க வந்த 10 இளைஞர்கள், 1937 செப்டம்பரில், தாங்கள் உறங்கிய கொட்டகை தீப்பிடித்ததில் மாண்டார்கள். நம் நீலகிரிச் சரிவுகளில் பெரிய இயந்திரங்கள் எளிதில் ஏற முடிவதில்லை. அங்கே கைவேலை இன்னும் ஓயவில்லை.