வாசகர் கேள்வி – பதில்: வெயிலும் மழையும் உள்ளே இறங்கும் கோயில்

கேள்வி: மகளைப் பார்க்க ஜூன் மாதம் இத்தாலிக்குப் போகிறேன். ரோமில் பாந்தியனைப் பார்க்க ஆசை. எத்தனை மணிக்குப் போனால் நல்லது? அது பழைய கோயிலா, தேவாலயமா?
– வாசகி, தலவாக்கலை

பதில்: இரண்டும்தான். நம் பக்கத்தில் ‘மாதா கோயில்’ என்று சொல்வோமே, அந்தச் சொல் இந்த இடத்துக்கு அச்சொட்டாகப் பொருந்தும். ஹேட்ரியன் பேரரசர் காலத்தில், கி.பி. 126 அளவில் ரோமர் கட்டி முடித்த கோயில் இது. முகப்பில் அக்ரிப்பா கட்டியதாகப் பொறித்திருப்பதைப் பார்த்துக் குழம்பாதீர்கள். அதே இடத்தில் முன்பிருந்து எரிந்துபோன கோயிலைக் கட்டியவர் அவர். 609 மே 13இல் பாப்பரசர் நான்காம் பொனிபாஸ் இந்தக் கோயிலை மரியாளுக்கும் வேதசாட்சிகளுக்கும் அர்ப்பணித்தார். கட்டடம் பிழைத்தது அதனால்தான். கைவிடப்பட்ட மற்றக் கோயில்களின் கல்லைப் பெயர்த்துப் புது வீடு கட்டியபோது, வழிபாடு நடந்த இதில் கைவைக்கத் தயங்கினார்கள். அப்படியும் 663இல் கூரையின் வெண்கலத் தகடுகளை இரண்டாம் கொன்ஸ்டன்ஸ் பேரரசர் கழற்றிக்கொண்டு போனார்.

ஜூனில் போகிறீர்கள் என்பது நல்ல வாய்ப்பு. கூரை நடுவிலுள்ள வட்டத் துளையால் இறங்கும் வெயில் அப்போது தரையைத் தொடும். டிசம்பரில் அது வாசலுக்கு மேலே கூரையிலேயே தங்கிவிடும். கோடையில் அங்கு மணிக்கூட்டை ஒரு மணித்தியாலம் முன்தள்ளி வைப்பதால், சூரியன் உச்சிக்கு வருவது பிற்பகல் 1.10 அளவில். 12.45க்கே உள்ளே போய், நடுவுக்கும் வாசலுக்கும் இடையே நில்லுங்கள். பத்து நிமிடம் பொறுத்தால் ஒளிவட்டம் தரையில் ஊர்வது கண்ணுக்கே தெரியும். இதைப் பார்க்காமல் படம் மட்டும் எடுத்துக்கொண்டு ஓடிவருவது வீண்.

2023 ஜூலை முதல் நுழைவுக்கு 5 யூரோ வாங்கத் தொடங்கினார்கள். 18 வயதுக்குட்பட்டோருக்கு இலவசம். புறப்படும் முன் இன்றைய விலையைப் பார்த்துவிட்டு, அரசின் அதிகாரபூர்வ இணையத்தளத்திலேயே வாங்குங்கள். இடைத்தரகர்கள் வழிகாட்டி, ஒலிக்கருவி என்று சேர்த்துக் கூட்டி விற்பார்கள். பூசைக்குப் போகிறவர்களுக்குக் கட்டணமில்லை. ஆனால் பூசை முடியும்வரை இருக்க வேண்டும், சுற்றிப் பார்க்க முடியாது. தோளும் முழங்காலும் மூடியிருக்க வேண்டும். சேலை, சுடிதார் என்றால் கவலையில்லை. வாசலில் மெட்ரோ கிடையாது. டெர்மினி ரயில் நிலையத்திலிருந்து பஸ்ஸில் லார்கோ அர்ஜென்தீனாவில் இறங்கினால் ஐந்து நிமிட நடை.

கேள்வி: துளை இருந்தாலும் உள்ளே மழை விழாது என்கிறார்களே?
– வாசகர், பண்டாரவளை

பதில்: விழும். சூடான காற்று மேலெழுந்து மழையைத் தடுக்கும் என்பது வெறும் கதை. துளையின் விட்டம் சுமார் 9 மீற்றர், கண்ணாடி கிடையாது. தரையின் நடுப்பகுதி இலேசாக மேடு கட்டியிருக்கிறது. அங்கே பளிங்குக் கல்லில் 22 சிறு துளைகள் இருக்கின்றன; தண்ணீர் அவற்றால் கீழே வடிந்துவிடும். நனைந்த பளிங்கு பாசி பிடித்த படிக்கட்டைப் போல வழுக்கும், றப்பர் அடிச் சப்பாத்தே நல்லது.

கேள்வி: நான் மேசன் வேலை செய்கிறேன். கம்பி போடாத கொங்கிறீட் கூரை இத்தனை காலம் எப்படி நிற்கிறது?
– வாசகர், மாத்தளை

பதில்: பாரத்தைக் குறைத்த விதத்தில் இருக்கிறது சூட்சுமம். கூரை, பாதிப் பந்தைக் கவிழ்த்தது போன்ற கவிகை. அதன் குறுக்களவு 43.3 மீற்றர், தரையிலிருந்து துளைவரை உயரமும் அதேதான். கம்பியில்லாக் கொங்கிறீட் கவிகையில் உலகிலேயே பெரியது இன்றும் இதுதான். சுண்ணாம்பும் எரிமலைச் சாம்பலும் சேர்ந்த சாந்தில், அத்திவாரத்துக்குக் கனமான கல்லையும், மேலே போகப் போக உடைத்த செங்கல்லையும், உச்சியில் நுரைக்கல்லையும் போட்டார்கள். கவிகையின் தடிப்பும் கீழ்ப்பகுதியில் ஏறத்தாழ 6 மீற்றர், துளையோரம் 1.2 மீற்றர்தான். உள்முகத்தில் வரிசைக்கு 28 ஆக ஐந்து வரிசை, மொத்தம் 140 சதுரக் குழிகள். அவையும் கொஞ்சம் பாரத்தைக் கழித்தன. துளையைச் சுற்றிய விளிம்பு வளையம், நாலாபக்கமிருந்தும் வரும் நெருக்கலைத் தாங்குகிறது. வெடிப்புகள் உண்டு, கவிகையின் கீழ்ப்பாதியில் நெடுக்காக ஓடுகின்றன. அந்த இடத்தில்தான் கவிகை வெளியே விரியப் பார்க்கும். இன்று நாம் கட்டினால் அங்கேதான் கம்பி போடுவோம். என்றாவது போகக் கிடைத்தால் வெளியே வந்து பக்கச் சுவரைப் பாருங்கள். செங்கல்லால் கட்டிய பெரிய வளைவுகள் சுவருக்குள்ளேயே பதிந்திருக்கும். உள்ளே மாடங்களுக்காகக் குடைந்த இடங்களில் பாரம் இறங்காமல், இருபக்கத் தூண்சுவர்களுக்குத் திருப்பிவிடுவது அவைதான்.