கடையை மூடச் சொன்னவர்கள் நஷ்டத்தைத் தருவார்களா?

கேள்வி: கடலூர் மாவட்டத்தில் ஒரு பேருந்து நிலையத்தில், உள்ளாட்சிக்குச் சொந்தமான கடையில் டிபன் கடை நடத்துகிறேன். 2020 மே மாதம், பார்சல் மட்டும்தான் தரலாம் என்று இருந்த நேரத்தில், காய்கறி லாரி ஓட்டிவந்த நான்கு டிரைவர்களை உட்காரவைத்துச் சாப்பாடு போட்டேன். இந்திய தண்டனைச் சட்டம் 188, 269, பேரிடர் மேலாண்மைச் சட்டம் 51 என்று மூன்று பிரிவுகளில் வழக்குப் போட்டு, ஸ்டேஷன் ஜாமீனில் விட்டார்கள். ஊரடங்கு வழக்குகள் வாபஸ் என்று பேப்பரில் வந்ததால் நானும் அதை மறந்துவிட்டேன். இப்போது சிங்கப்பூரில் சமையல் வேலைக்குப் போகலாம் என்று பாஸ்போர்ட்டுக்கு விண்ணப்பித்தால், வழக்கு இருக்கிறது என்கிறார்கள். இதற்கிடையே 2020 ஜூன், ஜூலை, ஆகஸ்ட் மாத வாடகைப் பாக்கியை வட்டியோடு 15 நாளில் கட்டாவிட்டால் கடைக்கு சீல் என்று நோட்டீஸ் வேறு. ஏப்ரல், மே மாதங்களுக்கு மட்டும் தள்ளுபடி தந்தார்கள். அந்த வருஷம் வாங்கிய கடனை இன்னும் அடைத்துக்கொண்டிருக்கிறேன். மூடச் சொன்ன அரசு எனக்கு நஷ்டஈடு தர வேண்டாமா? தொழில் செய்யும் உரிமை, நடமாடும் உரிமை எல்லாம் அன்றைக்கு எங்கே போயின? புதுச்சேரியில் நர்ஸாக இருக்கும் என் தங்கையிடம் இதைச் சொன்னால், "அன்னைக்கு மூடலைன்னா எத்தனை பேர் செத்திருப்பாங்க தெரியுமாண்ணா?" என்று சண்டைக்கு வருகிறாள். எங்களில் யார் சொல்வது சரி?

பதில்: முதலில் நோட்டீஸைப் பார்ப்போம். அதற்குத்தான் நாள் ஓடிக்கொண்டிருக்கிறது.

பணத்தைக் கட்டுவதற்கு முன்னால், எழுத்துப்பூர்வமாகப் பதில் கொடுங்கள். உங்கள் நிலைமைக்கு மிக நெருக்கமான ஒரு தீர்ப்பு இருக்கிறது. உள்ளாட்சிக்குச் சொந்தமான பேருந்து நிலையக் கடையை எடுத்து நடத்தியவர், ஊரடங்குக் காலக் கட்டணத்தைத் தள்ளுபடி செய்யக் கோரித் தொடுத்த வழக்கில், உயர் நீதிமன்றத்தின் மதுரைக் கிளை 2021 ஜனவரியில் அவருக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. ஊரடங்கு என்பது இரு தரப்பின் கையையும் மீறிய நிகழ்வு. அதனால்தான் அரசே இரண்டு மாதத்தைத் தள்ளுபடி செய்தது. அந்தக் காரணம் மற்ற மாதங்களிலும் நீடித்தபோது அதை அரசு இரண்டு மாதத்தோடு நிறுத்திக்கொள்ள முடியாது என்பதுதான் அதன் சாரம். உங்கள் பதிலில் இந்தத் தீர்ப்பைச் சொல்லுங்கள்.

ஆனால் மூன்று மாதங்களும் ஒரே பலத்தில் நிற்காது. ஜூலையிலும் ஆகஸ்டிலும் தமிழ்நாட்டில் பேருந்தே ஓடவில்லை. செப்டம்பர் 1 முதல் மாவட்டத்துக்குள்ளும், 7 முதல் மாவட்டம் விட்டு மாவட்டமும் ஓடின. பேருந்து இல்லாத பேருந்து நிலையத்தில் டிபன் கடைக்கு என்ன வியாபாரம் இருந்திருக்கும்? இந்த இரண்டு மாதங்களுக்கு உங்கள் வாதம் வலுவானது. ஜூனில் கொஞ்ச நாள் மண்டலத்துக்குள் பேருந்து ஓடியது; 8ஆம் தேதியிலிருந்து பாதி இருக்கைகளோடு உட்கார்ந்து சாப்பிடவும் அனுமதித்தார்கள். அந்த மாதத்துக்கு அவர்கள் பக்கத்திலும் பேச விஷயம் இருக்கிறது. அந்த மாதங்களின் மின் கட்டண ரசீது, எரிவாயு சிலிண்டர் பில், கையில் இருக்கும் எந்தக் கணக்குச் சிட்டை ஆனாலும் எடுத்துவையுங்கள். கடை ஓடவில்லை என்பதற்கு அவைதான் சாட்சி.

"தவணையில் கட்டிவிடுகிறேன்" என்று மட்டும் எதிலும் கையெழுத்துப் போடாதீர்கள். காலம் கடந்த கடனுக்குக்கூட, தருகிறேன் என்று எழுதிக் கொடுத்தால் அது புதிய ஒப்பந்தமாக உயிர் பெற்றுவிடும். இத்தனை வருடம் கழித்துக் கேட்பது காலாவதியான கோரிக்கை என்பதையும் பதிலில் சேருங்கள். ஆனால் உள்ளாட்சிகளுக்கு வசூலிக்கத் தனி வழிகள் உண்டு, அதனால் அதை மட்டும் நம்பி நிற்காதீர்கள். ஒன்றையும் இங்கே சொல்லிவிடுகிறேன்: தனியார் கட்டடத்தில் இருப்பவர்கள் இந்தத் தீர்ப்பை அப்படியே எடுத்துக்கொள்ள முடியாது. அவர்களுக்கு வாடகை ஒப்பந்தத்தில் என்ன எழுதியிருக்கிறது என்பதே முக்கியம். கடை நம் வசம் இருக்கும்வரை ஊரடங்கைக் காரணம் காட்டி வாடகையை நிறுத்த முடியாது என்று டெல்லி உயர் நீதிமன்றம் 2020 மே மாதத்திலேயே சொல்லிவிட்டது.

அடுத்து குற்ற வழக்கு. 2021 பிப்ரவரியில் அன்றைய முதலமைச்சர் எடப்பாடி பழனிசாமி, ஊரடங்கை மீறியதாகப் பதிவான சுமார் 10 லட்சம் வழக்குகள் கைவிடப்படும் என்று அறிவித்தார். போலீஸாரைத் தடுத்தது, இ-பாஸ் மோசடி, வன்முறை போன்றவை மட்டும் விலக்கு. நீங்கள் அந்த விலக்கில் வரவில்லை. ஆனால் அறிவிப்பு வந்ததாலேயே பதிவேட்டில் வழக்கு மறைந்துவிடாது. ஒவ்வொரு வழக்கிலும் மேல் நடவடிக்கை கைவிடப்பட்டது என்று காவல் நிலையம் முடித்திருக்க வேண்டும். குற்றப்பத்திரிகை தாக்கலாகியிருந்தால் அரசு வழக்கறிஞர் மனுப் போட்டு நீதிமன்றத்தின் சம்மதத்தோடு திரும்பப் பெற்றிருக்க வேண்டும். உங்கள் வழக்கு இந்த நடுவழியில் கிடப்பதாகத்தான் தெரிகிறது. தகவல் அறியும் உரிமைச் சட்டத்தில் மாவட்டக் காவல் அலுவலகத்துக்கு ஒரு மனு போட்டு, முதல் தகவல் அறிக்கையின் எண்ணைக் குறிப்பிட்டு, இன்றைய நிலையைக் கேளுங்கள். 30 நாளில் பதில் தர வேண்டும்.

குற்றப்பத்திரிகை இல்லை என்று பதில் வந்தால் பாஸ்போர்ட் பிரச்சினை பெரும்பாலும் அதோடு தீர்ந்தது. பாஸ்போர்ட் சட்டம் தடையாகச் சொல்வது குற்றவியல் நீதிமன்றத்தில் நிலுவையில் உள்ள வழக்கை. வெறும் எஃப்.ஐ.ஆர். அந்தக் கணக்கில் வராது என்று வெளியுறவு அமைச்சகமே 2019 அக்டோபரில் தெளிவுபடுத்தியிருக்கிறது. அதைக் குறிப்பிட்டு பாஸ்போர்ட் அலுவலகத்துக்கு விளக்கம் கொடுங்கள். உங்கள் மூன்று பிரிவுகளுக்கும் சாதாரணமாக அதிகபட்ச தண்டனை ஓராண்டைத் தாண்டாது; மீறலால் உயிரிழப்போ அதற்கான உடனடி ஆபத்தோ வந்ததாகச் சொன்னால்தான் 51க்கு இரண்டாண்டு வரை போகும். ஓராண்டு வரை தண்டனை உள்ள குற்றங்களை நீதிமன்றம் விசாரணைக்கு எடுக்க ஓராண்டுதான் வரம்பு. கொரோனாவுக்காக உச்ச நீதிமன்றம் 2022 பிப்ரவரி 28 வரையான காலத்தைக் கழித்துக்கொள்ளச் சொன்னதே, அதைச் சேர்த்துப் பார்த்தாலும் 2023 பிப்ரவரியோடு கெடு முடிந்தது. தாமதத்தை மன்னிக்க நீதிமன்றத்துக்கு அதிகாரம் உண்டு, ஆனால் அதற்குச் சரியான காரணம் காட்ட வேண்டும்.

குற்றப்பத்திரிகை ஏற்கெனவே தாக்கலாகியிருந்தால், வெளிநாடு செல்ல அந்த நீதிமன்றத்தில் அனுமதி வாங்கிப் பாஸ்போர்ட் பெறலாம். அல்லது வழக்கையே ரத்து செய்யக் கோரி உயர் நீதிமன்றம் போகலாம். அரசு அதிகாரியின் உத்தரவை மீறியதற்கான 188க்கு, அந்த உத்தரவைப் போட்ட அதிகாரியோ அவருடைய மேலதிகாரியோ எழுத்துப்பூர்வமாகப் புகார் தந்தால்தான் நீதிமன்றம் விசாரிக்க முடியும். போலீஸ் தானாக எஃப்.ஐ.ஆர். போட்டு இறுதி அறிக்கை தாக்கல் செய்வது செல்லாது என்று மதுரைக் கிளை 2018 செப்டம்பரில், ஜீவானந்தம் வழக்கில், விரிவாகவே சொல்லியிருக்கிறது. பேரிடர் சட்டத்தின் 60ஆம் பிரிவும் அதிகாரம் பெற்றவரோ, முன்னறிவிப்புக் கொடுத்தவரோ தரும் புகாரைத்தான் கேட்கிறது. மிச்சம் இருப்பது 269. நோயைப் பரப்பக்கூடிய அலட்சியம் என்ன என்பதை அதில் அவர்கள் காட்டியாக வேண்டும். அபராதம் கட்டிவிட்டால் முடிந்தது என்று யாராவது சொன்னால் கேட்காதீர்கள். குற்றத்தை ஒப்புக்கொண்டதாகப் பதிவாகிவிடும், வெளிநாட்டு வேலைக்குக் காவல்துறைச் சான்று கேட்கும்போது அது வந்து நிற்கும்.

சரி, உங்களுக்கும் தங்கைக்கும் நடக்கும் சண்டைக்கு வருகிறேன். என்னைப் பொறுத்தவரை இந்தக் கடிதத்தில் கனமான பகுதி இதுதான்.

2020 மே மாதம் நம் மாவட்டம் எப்படி இருந்தது என்பதை நினைத்துப் பாருங்கள். கோயம்பேடு சந்தையிலிருந்து திரும்பியவர்கள் மூலம் கடலூர், விழுப்புரம், அரியலூர் மாவட்டங்களில் தொற்று ஒரே வாரத்தில் எகிறியது. தடுப்பூசி 2021 ஜனவரியில்தான் வந்தது. அந்த நேரத்தில் காய்கறி லாரி டிரைவர்கள் நான்கு பேர் ஒரு சின்னக் கடைக்குள் சேர்ந்து உட்கார்ந்தால் என்ன ஆகும் என்று ஒரு நர்ஸ் பயப்படுவதில் தவறே இல்லை. அரசியல் சாசனம் 19ஆம் பிரிவில் தொழில் உரிமையையும் நடமாடும் உரிமையையும் தரும்போதே, பொது நலனுக்காக நியாயமான கட்டுப்பாடு விதிக்கலாம் என்றும் சொல்கிறது. "உட்கார வைக்காதே, பார்சல் கொடு" என்பது அன்றைக்கு நியாயமான கட்டுப்பாடுதான். இதில் நான் தங்கை பக்கம்.

அதற்காக, நோய் என்று சொல்லிவிட்டால் எந்தக் கட்டுப்பாடும் செல்லும் என்று ஆகாது. சட்டம் கேட்கும் கேள்விகள் இருக்கின்றன: உத்தரவு போட அவருக்கு அதிகாரம் இருக்கிறதா, மக்களுக்குத் தெரியும்படி வெளியிட்டார்களா, நோக்கத்துக்கும் கட்டுப்பாட்டுக்கும் பொருத்தம் இருக்கிறதா, இதைவிடக் குறைவான பாதிப்போடு அதே காரியம் நடந்திருக்குமா. இந்தக் கேள்விகளைப் பெருந்தொற்றுக் காலத்திலும் உச்ச நீதிமன்றம் கேட்டது. கொரோனாவைக் காட்டி, தொழிலாளர்களைக் கூடுதல் நேரம் வேலை வாங்கிவிட்டு இரட்டைச் சம்பளத்தை மறுக்க குஜராத் அரசு கொண்டுவந்த அறிவிக்கையை 2020 அக்டோபர் 1 அன்று ரத்து செய்தது. பொருளாதாரச் சுமையைத் தொழிலாளியின் தலையில் மட்டும் ஏற்ற முடியாது என்பது அதன் அடிப்படை. 2022 மே 2 அன்று, யாரையும் கட்டாயப்படுத்தித் தடுப்பூசி போட முடியாது, ஆனால் பொது நலனுக்காக அளவான நிபந்தனைகள் விதிக்கலாம் என்றது. சுதந்திரம், உயிர் இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று நீதிமன்றம் எந்த இடத்திலும் சொல்லவில்லை.

அந்தக் கேள்விகளை உங்கள் விஷயத்தில் போட்டுப் பார்த்தால், கட்டுப்பாடு தேறும். நான்கு பேருக்குச் சோறு போட்டதற்குக் குற்ற வழக்கு என்பது தேறாது. எச்சரித்து அனுப்பியிருக்கலாம், அபராதம் போட்டிருக்கலாம். தமிழ்நாடு அரசே அதைப் பின்னால் உணர்ந்து, 2020 செப்டம்பரில் பொதுச் சுகாதாரச் சட்டத்தைத் திருத்தி, முகக்கவசம் அணியாவிட்டால் 200 ரூபாய், எச்சில் துப்பினால் 500 ரூபாய், விதியை மீறும் கடைகளுக்கு 5,000 ரூபாய் என்று அந்த இடத்திலேயே அபராதம் கட்டி முடிக்கும் முறையைக் கொண்டுவந்தது. அதற்கு மூன்று மாதம் முன்னால், கடையை நேரம் தாண்டித் திறந்து வைத்ததாகச் சொல்லிப் பிடித்துக்கொண்டு போன தந்தையும் மகனும் சாத்தான்குளத்தில் என்ன ஆனார்கள் என்பதை இந்த மாநிலத்தில் யாரும் மறந்திருக்க முடியாது. சுகாதார விதியைக் காக்கும் வேலையை லத்தியிடம் கொடுத்தால் வரும் விளைவு அது. இதில் நான் முழுக்க உங்கள் பக்கம்.

இனி நஷ்டஈடு. உண்மையைச் சொல்லிவிடுகிறேன்: தனி ஆளாக வழக்குப் போட்டால் இன்றைய சட்டத்தில் பணம் கிடைக்க வழியில்லை. பேரிடர் சட்டத்தில் இழப்பீடு என்று வருவது, அரசு உங்கள் கட்டடத்தையோ வண்டியையோ எடுத்துப் பயன்படுத்தினால்தான். மூடி வைக்கச் சொன்னதற்கு அது பொருந்தாது. நல்லெண்ணத்தில் செய்த நடவடிக்கைக்கு அதிகாரிகளுக்குப் பாதுகாப்பும் இருக்கிறது. அரசு அன்றைக்குக் கொடுத்தது ரேஷன் அட்டைக்கு 2020இல் 1,000 ரூபாய், 2021இல் 4,000 ரூபாய். மற்றதெல்லாம் பெரும்பாலும் கடனாகவே வந்தது. சாலையோர வியாபாரிக்குக்கூட 10,000 ரூபாய் கடன்தான். ஊரடங்கில் வங்கிக் கடன் தவணையைத் தள்ளிவைத்தது பற்றிய வழக்கில் வட்டிக்கு வட்டி வேண்டாம் என்று 2021 மார்ச்சில் சொன்ன உச்ச நீதிமன்றம், வட்டியையே தள்ளுபடி செய்ய மறுத்துவிட்டது. மூடச் சொன்னது ஊருக்காக. அதன் செலவு விழுந்தது உங்களைப் போன்றவர்கள் மேல்.

இது மாற வேண்டும் என்று நான் உறுதியாக நினைக்கிறேன். மாற்றுவதற்கான சொற்களும் சட்டத்திலேயே இருக்கின்றன. பேரிடர் மேலாண்மைச் சட்டம் 2005இல் வந்தது, தேவனாம்பட்டினத்தையும் நாகப்பட்டினத்தையும் 2004 டிசம்பரில் சுனாமி அடித்துப்போட்ட மறு வருடம். அதன் 12ஆம் பிரிவு, பாதிக்கப்பட்டவர்களுக்குக் குறைந்தபட்ச நிவாரண அளவுகளை தேசிய ஆணையம் வகுக்க வேண்டும் என்கிறது. உயிரிழப்புக்கான உதவித்தொகை, வீட்டுச் சேதத்துக்கான உதவி, வாழ்வாதாரத்தை மீட்க உதவி, இந்த மூன்றும் அதில் ஒரே உட்பிரிவில் அடுத்தடுத்து வருகின்றன. கொரோனாவில் இறந்தவர்களின் குடும்பங்களுக்கு உதவித்தொகை தர வழிகாட்டுதல் வகுக்கும்படி 2021 ஜூன் 30 அன்று உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது இந்தப் பிரிவை வைத்துத்தான். அதனால்தான் 50,000 ரூபாய் வந்தது. அடுத்த சொல்லான வாழ்வாதாரம் மட்டும் நோய்க்கால மூடலுக்குப் பொருளில்லாமல் கிடக்கிறது. படகு, வலை, பயிர், கால்நடை, வீடு என்று காற்றும் தண்ணீரும் செய்யும் சேதத்தை அளக்கப் பழகிய நிவாரணக் கணக்கில், அரசின் உத்தரவால் மூடிய டிபன் கடைக்கு ஒரு வரி இல்லை. 2011இல் கடலூரை அடித்த தானே புயலுக்குப் பிறகு விழுந்த முந்திரித் தோப்புகளுக்குக் கணக்குப் பார்த்து நிவாரணம் தர முடிந்ததென்றால், மூடிய கடையின் நாட்களையும் எண்ண முடியும். அப்படி ஒரு விதி முன்கூட்டியே இருந்திருந்தால் நீங்களும் அன்றைக்கு டிரைவர்களைத் தயங்காமல் பார்சலோடு அனுப்பியிருப்பீர்கள். தங்கை விரும்பும் கட்டுப்பாடு மக்களிடம் எடுபடுவதற்கும் அதுதான் வழி.

ஆகவே நஷ்டஈட்டு வழக்குக்குச் செலவழிக்காமல், உங்கள் ஊர் வியாபாரிகள் சங்கத்தின் பெயரில், 12ஆம் பிரிவைக் குறிப்பிட்டு, அரசு உத்தரவால் மூடப்படும் சிறு கடைகளுக்கும் நிவாரண அளவு வகுக்கக் கோரி தேசிய, மாநிலப் பேரிடர் மேலாண்மை ஆணையங்களுக்கு மனு அனுப்புங்கள். கையெழுத்துப் போடுபவர்களின் கடை மூடியிருந்த நாட்களும் கடன் விவரமும் இணைப்பாக இருக்கட்டும். பதில் வராவிட்டால், மனுவைப் பரிசீலிக்க உத்தரவிடக் கோரி உயர் நீதிமன்றத்தில் ரிட் போடலாம். இந்தச் சட்டத்தின்கீழ் எடுத்த நடவடிக்கைகளை உயர் நீதிமன்றமும் உச்ச நீதிமன்றமும்தான் விசாரிக்க முடியும். கீழமை நீதிமன்றத்தில் போட்டால் வாசலிலேயே திருப்பிவிடுவார்கள்.