துட்டி வீடுகளில் பாடிய அம்மா

கேள்வி: எங்கள் ஊர் முக்கூடல் பக்கம். அம்மாவுக்கு 58 வயது, முப்பது வருடமாகப் பீடி சுற்றுகிறார். எந்தத் துட்டி வீட்டுக்குப் போனாலும் அம்மாதான் முதலில் ஒப்பாரி எடுப்பார். எட்டு மாதம் முன்பு அப்பா தவறியபோது அவர் வாயே திறக்கவில்லை. இன்றுவரை அழவும் இல்லை. சாப்பாடு குறைந்துவிட்டது, தூக்கமும் இல்லை. மனநல மருத்துவர் மாத்திரை கொடுத்திருக்கிறார். களிமண், வண்ணம், தாளம் வைத்துச் செய்யும் 'வெளிப்பாட்டுக் கலை சிகிச்சை'க்கும் போகச் சொல்கிறார். "பென்சில் பிடிக்கத் தெரியாதவளுக்கு இது எதுக்கு, தண்டச் செலவு" என்கிறார் அண்ணன். இது உண்மையிலேயே சிகிச்சைதானா?

பதில்: அன்பு மகளே, சிகிச்சைதான். தயங்காமல் கூட்டிப் போங்கள். மாத்திரையை மட்டும் மருத்துவரைக் கேட்காமல் நிறுத்திவிடாதீர்கள். இரண்டும் சேர்ந்து நடக்கட்டும்.

அண்ணன் இதை ஓவிய வகுப்பு என்று நினைத்துவிட்டார். வகுப்பில் படம் நன்றாக வரவேண்டும். இங்கே அம்மா களிமண்ணில் பிடிக்கும் பொம்மையின் மூக்கு கோணினால் யாரும் திருத்தமாட்டார்கள். பிடிக்கும்போது அவருக்குள் என்ன நடக்கிறது என்பதைத்தான் பக்கத்தில் இருப்பவர் கவனிப்பார். முப்பது வருடம் இலையை வெட்டி, தூளை அளந்து, நூல் கட்டிய விரல்கள் அம்மாவுடையவை. பென்சில் தெரியாவிட்டால் என்ன, அந்த விரலுக்குக் களிமண் சீக்கிரம் பழகிவிடும்.

இது தொடங்கியதே ஒரு நோயாளியின் படுக்கையில்தான். ஏட்ரியன் ஹில் என்ற ஆங்கிலேய ஓவியர் 1938-இல் காசநோய்க்காகச் சானடோரியத்தில் படுத்திருந்தார். பொழுது போக வரைந்தார், அது மனதைத் தாங்கிப் பிடிப்பதை உணர்ந்தார், பிறகு உடனிருந்த நோயாளிகளையும் வரைய வைத்தார். 'கலை சிகிச்சை' என்ற பெயரை 1942-இல் வைத்தவர் அவர்தான். ஏறக்குறைய அதே காலத்தில் அமெரிக்காவில் மரியன் சேஸ் என்ற நடனக் கலைஞர் மனநல மருத்துவமனை நோயாளிகளோடு ஆடத் தொடங்கினார். ஓவியம், இசை, ஆட்டம் என்று தனித்தனியாக வளர்ந்ததை 1970-களில் ஷான் மெக்னிஃப், பாவ்லோ நில் போன்றவர்கள் மாசசூசெட்ஸின் லெஸ்லி கல்லூரியில் ஒன்றாகச் சேர்த்தார்கள். உங்கள் மருத்துவர் சொல்வது இந்தச் சேர்ந்த முறையைத்தான். நடாலி ரோஜர்ஸ் என்ற அமெரிக்க உளவியலாளர் இதை இன்னும் விளக்கினார்: ஒரு கலை இன்னொன்றுக்கு வழி திறக்கும். கொஞ்சம் அசைந்தபின் வரைந்தால் படம் வேறாக வரும், அந்தப் படத்தைப் பார்த்தபின் சொல் வரும். வாய் திறக்காத ஒருவரிடம் நேராகப் போய்ச் சொல்லைக் கேட்காத முறை என்பதால்தான் உங்கள் அம்மாவுக்கு இது பொருந்தும் என்று நினைக்கிறேன்.

உலக சுகாதார நிறுவனம் 2019-இல் 3,000-க்கும் மேற்பட்ட ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்து, உடல்நலத்திலும் மனநலத்திலும் கலைகளுக்குப் பங்கு உண்டு என்று அறிக்கை வெளியிட்டது. அண்ணனிடம் இதைச் சொல்லுங்கள்.

"ஒப்பாரியே நம்ம சிகிச்சைதானே" என்று யாராவது சொல்வார்கள். ஒப்பாரிக்குள் பெரிய ஆறுதல் இருக்கிறது, அதில் சந்தேகமில்லை. ஆனால் அதை ஒருவர் எடுக்க வேண்டும், மற்றவர்கள் தோளைப் பிடித்துக்கொண்டு சேர வேண்டும். ஊர் முழுக்க எடுத்துக் கொடுத்தவர் உங்கள் அம்மா. அவர் வீட்டுத் துட்டியில் அவருக்காக எடுத்துக் கொடுக்க யார் இருந்தார்கள்? உங்கள் கடிதத்தைப் படித்ததிலிருந்து இந்தக் கேள்விதான் என்னை விடவில்லை. அதனால் "ஒரு தடவை பாடிரும்மா, மனசு லேசாகும்" என்று மட்டும் சொல்லாதீர்கள். அது அவர் மேல் இன்னொரு சுமை.

போகும் இடத்தில் இரண்டு விஷயம் கேளுங்கள்: சிகிச்சை தருபவர் இதற்கென்று எங்கே, எவ்வளவு காலம் பயிற்சி பெற்றார்? உங்கள் மருத்துவரோடு பேசி நடத்துவாரா? மழுப்பினால் வேறு இடம் பாருங்கள். இரண்டு மூன்று தடவையில் மாற்றம் தெரியவில்லை என்று விட்டுவிட வேண்டாம். அம்மா சாப்பாட்டை அடியோடு ஒதுக்கினாலோ, "நான் எதுக்கு இருக்கணும்" என்று பேசினாலோ, அன்றே மருத்துவரிடம் கூட்டிப் போங்கள். 14416 என்ற அரசு மனநல உதவி எண்ணுக்கு எந்த நேரமும் இலவசமாகப் பேசலாம்.

முதல் நாள் நீங்களே கூடப் போய் வெளியே உட்கார்ந்திருங்கள். திரும்பும்போது பஸ்ஸில் "என்னம்மா செஞ்சே, காட்டு" என்று கேட்காதீர்கள். அவராகக் காட்டினால் பாருங்கள். அழகாக இருக்கிறது என்றும் சொல்ல வேண்டாம், கையில் வாங்கி வைத்துக்கொள்ளுங்கள், போதும்.